என் கைக்குத் தேய்த்த துப்பாக்கி

என் வலது கட்டைவிரல் மூட்டு இரண்டு குளிர்காலமாகச் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கவே என் கணவன் லைலைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதுகூடப் போகட்டும். என் பிஸ்டலின் ஸ்லைடை என்னால் இழுக்க முடியவில்லை. முதல் குண்டு உள்ளே ஏற வேண்டுமென்றால் மேலே இருக்கிற அந்த எஃகை இறுகப் பிடித்துப் பின்னால் இழுத்து விட வேண்டும். அதன்பிறகு சுடச்சுட அதுவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும். என்னுடையது முப்பது வருஷத்துப் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். இப்போது வருகிற பிளாஸ்டிக் சரக்கு இல்லை, கைப்பிடியைத் தவிர முழு எஃகு. ஸ்பிரிங் முரட்டுக் கன்றுக்குட்டி மாதிரி, இழுத்தால் நம்மைத் திருப்பி இழுக்கும்.

சமையலறை மேசையில் அதைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு நான் முக்கிக்கொண்டிருந்ததை லைல் அடுப்படியிலிருந்து பார்த்தான்.

"கொடு, நான் இழுத்துத் தரேன்."

"ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப வித்துடு வெர்னா. அதுக்கு உறை கிடைக்கல, குண்டுப்பெட்டி கிடைக்கல. உன்னால இழுக்கவும் முடியல. எண்ணெய் போட்டுப் போட்டு யாருக்கு எடுத்து வச்சிருக்கே? வரப்போற மாப்பிள்ளைக்கா?"

"நமக்குப் பொண்ணே கிடையாது, மாப்பிள்ளை எங்கேருந்து வருவான்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயமான பேச்சைக் கேட்டால்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். துப்பாக்கியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போய்ப் பனி வாரினேன்.

அந்த வாரமே டைரல் ஸ்கார் வந்தான். டிரைஃபோர்க் மாவட்டத்தின் ஷெரீஃப், அதாவது போலீஸ் தலைவன், இப்போது அவன்தான். நான் இருபத்திரண்டு வருஷம் டெபுட்டியாக வேலை பார்த்த அதே ஆபீசுக்குத் தலைவன். வாசலில் பூட்ஸை உதறி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். லைல் மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட ஆப்பிள் பையைத் தின்று நன்றாயிருக்கிறது என்று என்னிடம் சொன்னான். சமைப்பது யார் என்று லைல் அவனுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. நல்ல பையன்தான். அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் வாசலிலேயே நாலு வார்த்தை கேட்டு அனுப்பியிருப்பேன்.

"மாவட்டத்துக்கு இந்த வருஷம் நூறு வயசு ஆகுது மேடம். கோர்ட் கட்டிடத்துல கண்ணாடிப் பெட்டி வைக்கிறோம். முதல் பெண் டெபுட்டியோட துப்பாக்கி அதுல இருக்கணும்னு எனக்கு ஆசை. சும்மா கேக்கல, மாவட்டம் நல்ல விலை கொடுக்கும்."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசையாக இருந்தது. கோதுமை மூட்டைக்கும் மாட்டுச் சந்தைக்கும் பேர் போன ஊர் இது. இங்கே என் பெயரைக் கண்ணாடிக்குப் பின்னால் எழுதி வைப்பார்கள், வரி கட்ட வருகிறவர்களெல்லாம் நின்று பார்ப்பார்கள். இழுக்க முடியாத துப்பாக்கி அலமாரியில் கிடந்து என்ன செய்யப்போகிறது? அதை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். முறையாகக் குண்டு இல்லையென்று திறந்து பார்த்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அருமையா வச்சிருக்கீங்க. கைப்பிடி மட்டும் தேஞ்சு அசிங்கமா இருக்கு. பரவாயில்ல, பழைய கடைகள்ல தேடிப் பிடிச்சுப் புதுசு மாட்டிடலாம்."

"தேயல. தேய்ச்சது" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அந்தத் துப்பாக்கிகள் ஆபீசுக்கு வந்தபோது இவன் பள்ளிக்கூடத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தான். ஆறடி ஆண்களின் கைக்கென்று வாங்கிய சரக்கு அது. கைப்பிடி பருமன். நான் பிடித்தால் விரல் விசையில் படியாது, நுனி மட்டும் தொடும். அப்போது ஷெரீஃபாக இருந்தவர் ஆர்வில் ஹேகன். எண்பத்து மூன்று வயதுக்கு மரியாதை கொடுத்து 'அவர்' என்கிறேன், வேறு காரணம் கிடையாது. சின்னதாக ஒன்று வாங்கித் தாருங்கள் என்று அவரிடம் கேட்டேன். "போய்க் கையை வளத்துக்கிட்டு வா கண்ணு" என்றார். ஆபீசே சிரித்தது.

அன்று சாயங்காலம் எங்கள் கொட்டகையில் உட்கார்ந்து உப்புத்தாளால் அந்தக் கைப்பிடியைத் தேய்த்தேன். இரண்டு பக்கமும், பின்பக்கமும், என் விரல் விசையில் நன்றாகப் படியும்வரை தேய்த்தேன். மறுநாள் ஹேகன் பார்த்துவிட்டு மாவட்டச் சொத்தை நாசம் செய்துவிட்டாய் என்று கத்தினார். கத்தட்டும். அந்த வருஷம் குறிபார்க்கும் தேர்வில் அவருக்கு மேல் இடத்தில் நான் இருந்தேன். அந்தத் துப்பாக்கியால் ஒரு மனிதனையும் நான் சுட்டதில்லை. லாரியில் அடிபட்டு, செத்தும் சாகாமலும் ரோட்டோரம் துடிக்கிற மான்களைத்தான் சுட்டேன். அதற்கும் கை நடுங்கக் கூடாது.

இந்தக் கதையை டைரலிடம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தான்.

"பெட்டிக்குள்ள வைக்கிற அட்டை. சரியா இருக்கான்னு பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். 'வெர்னா டோபின், டிரைஃபோர்க் மாவட்டத்தின் முதல் பெண் டெபுட்டி. ஓய்வு பெற்ற நாளில் மாவட்டம் இவருக்குப் பரிசளித்த பணித் துப்பாக்கி.'

இன்னொரு தடவை படித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தச் சோற்றை எனக்கே பரிமாறுவார்கள் என்று நினைக்கவில்லை.

டைரல் பாவம், நம்பித்தான் எழுதியிருந்தான். எங்கள் ஊரில் ஒரு டெபுட்டி ஓய்வு பெற்றால் தீயணைப்பு நிலையக் கூடத்தில் விருந்து நடக்கும். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு மசியல், நாலு வகைப் பை. சாப்பாடு முடிந்ததும் ஷெரீஃப் எழுந்து, அந்த டெபுட்டி இத்தனை வருஷம் இடுப்பில் கட்டியிருந்த அதே துப்பாக்கியை ஒரு வால்நட் மரப்பெட்டியில் வைத்து அவன் கையில் கொடுப்பார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள். போட்டோ எடுத்து, ஆபீஸ் இருக்கிற கோர்ட் கட்டிடத்தின் நடையில் மாட்டுவார்கள். சட்டப் புத்தகத்தில் இது கிடையாது. ஆனால் சட்டத்தைக்கூட மீறலாம், இதை மீறியவன் இல்லை. குடித்துவிட்டு மாவட்ட வண்டியை வாய்க்காலில் விட்ட ஆளுக்குக்கூட மரப்பெட்டி கிடைத்தது. ஆகவே எனக்கும் கிடைத்திருக்கும் என்று டைரல் எடுத்துக்கொண்டான். கேட்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கிடைத்தது மின்சாரப் பானை. காலையில் இறைச்சியும் கிழங்கும் போட்டுத் திருகிவிட்டால் சாயங்காலம் மெல்ல வெந்து நிற்குமே, அது. மூடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. விருந்தில் எல்லோர் முன்னாலும் ஹேகன் அதைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "துப்பாக்கியை வச்சுக்கிட்டு நீ என்ன கண்ணு பண்ணப்போறே? இனிமேலாவது லைலுக்கு வாய்க்கு ருசியா ஆக்கிப் போடு" என்றார். கூடம் சிரித்தது. லைல் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து சமைப்பவன் அவன். போட்டோக்காரர் பானையைப் பார்த்தார், ஹேகனைப் பார்த்தார், கேமராவை மூடி வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் பனிப்புயலில் வண்டி ஓட்டியதற்குப் பானை!

என் துப்பாக்கி? ஆபீசிலேயே நிறுத்திக்கொண்டு, புது மாடல் வந்தபோது பழைய சரக்கோடு சேர்த்து வியாபாரியிடம் தள்ளிவிட்டார்கள். அடுத்த இலையுதிர்காலத்தில் கண்காட்சித் திடலில் துப்பாக்கிச் சந்தை போட்டார்கள். லைல் உப்புக்கண்டம் வாங்க வரிசையில் நின்றான். நான் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு மேசையில் ஏழெட்டுப் பழைய ஸ்மித் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். அதில் பொறித்த வரிசை எண்ணைப் பார்க்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது.

"அதோட கைப்பிடியை எவனோ வெட்டிப்பய கெடுத்து வச்சிருக்கான்மா. அதனால கொஞ்சம் குறைச்சுத் தரேன்" என்றான் வியாபாரி.

கெடுத்த வெட்டிப்பயல் நான்தான் என்று அவனிடம் சொல்லவில்லை. என் காசைக் கொடுத்து என் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் இப்போது டைரலிடம் கொட்டிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவன் இன்னொன்று சொன்னான்.

"நடையில எல்லாரோட போட்டோவும் இருக்கு, உங்களோடது மட்டும் இல்ல. ஹேகன் சார்கிட்ட கேட்டேன். 'ஆமாப்பா, அது எங்கேயோ தொலைஞ்சுபோச்சு'ன்னார். அதனால ஒரு யோசனை. பெட்டி திறக்கிற அன்னைக்கு அவரே வந்து, துப்பாக்கியை உங்க கையில திரும்பக் கொடுக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துடலாம். மரப்பெட்டிகூட செய்யச் சொல்லியாச்சு. அவருக்கு ரொம்ப சந்தோஷம்."

அவருக்கு ஏன் சந்தோஷமாக இருக்காது! கொடுக்காததைக் கொடுத்ததாகப் படம் வேறு எடுத்துத் தருகிறார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். துப்பாக்கியை அவன் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். டைரல் போனபிறகு லைல் என்னிடம் ஒன்றும் கேட்காமல் பாத்திரம் கழுவினான். நாற்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவன், எப்போது வாயைத் திறக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மறுநாள் காலை ஹேகனைத் தேடிப் போனேன். தானியக் கிடங்குக்கு எதிரில் இருக்கும் காபிக் கடையில், ஜன்னலோர மேசையில், செர்ரி பையும் காபியுமாக உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

"வா கண்ணு. அடேயப்பா, கோர்ட்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள போகப்போறியாமே!"

"டைரல்கிட்ட போட்டோ தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களா?"

முள்கரண்டி செர்ரி பையிலேயே குத்தி நின்றது. பிறகு சிரித்தார். "பின்ன என்ன சொல்றது? சின்னப் பையன் ஆசையா வந்து கேக்கறான். எதுக்கு அவன் மனசைக் கெடுக்கணும்?"

"நடந்ததைச் சொல்றது."

"அது அந்தக் காலம் வெர்னா. அப்ப எல்லாம் அப்படித்தான். இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு."

"சரி, இருக்கட்டுமே. உனக்கு இதுல என்ன நஷ்டம்? காசு வருது, பேர் வருது. கூடவே எனக்கும் கொஞ்சம் நல்ல பேர் வந்தா உனக்கு ஏன் உறுத்துது? அன்னைக்கு ஒண்ணும் உன்னை வெறுங்கையோட அனுப்பலையே, பரிசு கொடுத்துத்தானே அனுப்பினோம்."

"ஆமா" என்றேன். "கொடுத்தீங்க. பத்திரமா வச்சிருக்கேன்."

ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், துப்பாக்கியை விற்றிருப்பேன். 'தப்புப் பண்ணிட்டேன் வெர்னா' என்று நாலு பேர் காதில் விழாமல் முணுமுணுத்திருந்தால்கூடப் போதும். அந்த ஆள் பையை வெட்டி வாயில் போட்டுக்கொண்டு, கடைக்காரப் பெண்ணிடம் காபி கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் டைரலுக்குப் போன் செய்தேன். வருகிறேன், நான் கொண்டுவர வேண்டியதைக் கொண்டுவருகிறேன் என்றேன். அதன்பிறகு நிலவறைக்குப் போய், உடைந்த நாற்காலிக்குப் பின்னால் கிடந்த ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தேன். லைல் அதைப் பார்த்தான். என் முகத்தையும் பார்த்தான்.

"வெர்னா, நிஜமாவா?"

"நிஜமா."

"இரு, என் நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டு வரேன்னு சொல்லணும்போல இருக்கு. என்னைக்கு விழா?"

"சனிக்கிழமை."

"அப்பச் சட்டையைத் தேய்ச்சு வைக்கிறேன்" என்றான்.

சனிக்கிழமை கோர்ட் நடையில் ஐம்பது பேராவது இருப்பார்கள். வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்திருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த அட்டையை ஏற்கெனவே சாய்த்து வைத்திருந்தார்கள். ஹேகன் நல்ல தொப்பியும் கழுத்தில் வெள்ளிக் கொக்கி போட்ட கயிற்று டையுமாகச் சுவரோரம் நின்றார், பக்கத்தில் அவர் மனைவி மர்னா. சுவரில் வரிசையாக ஆண்கள். ஒவ்வொருவன் கையிலும் மரப்பெட்டி, ஒவ்வொரு படத்திலும் ஹேகனின் பல். வரிசைக் கடைசியில் ஒரு வெற்று ஆணி.

டைரல் புது வால்நட் பெட்டியைத் திறந்து என் முன்னால் நீட்டினான். உள்ளே பச்சை வெல்வெட்டில் துப்பாக்கி அளவுக்குப் பள்ளம்.

"இதுல வச்சுடுங்க மேடம். ஹேகன் சார் எடுத்து உங்க கையில கொடுப்பார்."

"ஒரு நிமிஷம்" என்று லைல் சுமந்து வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தேன். பானையை வெளியே எடுத்தேன். ஒரு நாள்கூட அடுப்படி ஏறாத பானை. சிவப்பு ரிப்பன் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. அதைக் கொண்டுபோய் ஹேகனின் இரண்டு கையிலும் வைத்தேன். வைத்தால் வாங்கித்தானே ஆக வேண்டும், விட்டால் காலில் விழும்.

"அன்னைக்கு நீங்க கொடுத்ததைத் திரும்பக் கொடுக்கிற மாதிரிதானே படம் எடுக்கணும்? கொடுங்க. அன்னைக்குச் சொன்ன வார்த்தையையும் சேத்துச் சொல்லிக் கொடுங்க. ஆக்கிப் போடச் சொன்னீங்களே."

டைரல் என்னைப் பார்த்தான், பானையைப் பார்த்தான், சுவரில் இருந்த வெற்று ஆணியைப் பார்த்தான். அவன் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டே போனது.

"வெளையாட்டுக்குச் சொல்றா..." என்று ஹேகன் தொடங்கினார்.

"ஆர்வில்!" என்றாள் மர்னா. அந்தக் குரலில் ஷெரீஃப்கள் எல்லாம் ஒடுங்கிவிடுவார்கள். "இது நான் வாங்கின பானை, நான் கட்டின ரிப்பன். ஏதோ கல்யாணத்துக்குப் பரிசுன்னு சொல்லித்தானே என்னைக் கடைக்கு அனுப்பினே? நான் வராத விருந்துல வெர்னாவுக்கா கொடுத்தே? துப்பாக்கிக்குப் பதிலா?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு என்னை நோக்கி வரவில்லை. பத்திரிகைப் பெண் கேமராவைத் தூக்கினாள். நான் பானையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். ஹேகன் தரையைப் பார்த்தார். கேமரா க்ளிக் என்றது.

அடுத்த வாரக் கடைசியில் டைரல் வீட்டுக்கு வந்தான். சந்தைக் கதையையும் கைப்பிடிக் கதையையும் அன்றைக்கு நடையிலேயே அவனிடம் சொல்லியிருந்தேன். இந்தமுறை தொப்பியை மடியில் வைக்காமல் கையிலேயே சுருட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியாது மேடம்."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்று ஒப்புக்கொண்டான். பிறகு புது அட்டையைக் கொடுத்தான். 'மற்றவர்களுக்குப் பரிசளித்த துப்பாக்கியை மாவட்டம் இவருக்குத் தரவில்லை. சந்தையில் தன் பணத்தில் வாங்கிக்கொண்டார்.' அவனே எழுதியது, மாவட்டத்தை நடத்துகிற கமிஷனர்களோடு சண்டை போட்டு வாங்கிய அனுமதி. விலையையும் கூட்டிச் சொன்னான். கைப்பிடியைத் தொடமாட்டோம், அப்படியே இருக்கட்டும் என்றான்.

அட்டையைப் படித்தேன். ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டேன். லைல் இரண்டு பேருக்கும் பை வைத்தான்.

"அட்டை நல்லா இருக்கு. அதை வை. படத்தையும் அந்த ஆணியில மாட்டு."

"மாட்டியாச்சு மேடம். துப்பாக்கி?"

"பெட்டிக்குள்ள பானையை வை டைரல். அது மாவட்டம் எனக்குக் கொடுத்தது, மாவட்டத்துக்கிட்டயே இருக்கட்டும். காசு வேண்டாம். துப்பாக்கி நான் வாங்கினது. அது எங்கிட்ட இருக்கும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு சரியென்று தலையாட்டிவிட்டுப் பையைத் தின்றான். போகும்போது லைலிடம் நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனான்.

காற்று அடங்கியிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் வேலிக்கம்பத்தில் லைல் ஒரு காலி பீன்ஸ் டின்னை வைத்துவிட்டு வந்து கையை நீட்டினான். இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. துப்பாக்கியைக் கொடுத்தேன். தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு ஸ்லைடை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு, "முரட்டுக் கழுதை" என்று திருப்பிக் கொடுத்தான். கைப்பிடியைப் பிடித்தேன், விரல் விசையில் போய்ப் படிந்தது. டின் பறந்து பனியில் விழுந்தது.